பெயர் எழுதாத இரண்டு பாகங்கள்

கேமிங் கம்ப்யூட்டர் வாங்கப் போகும் பையன்கள் கடையில் வாங்கிய விலைப்பட்டியலைப் படம் பிடித்து எனக்கு அனுப்புகிறார்கள். கம்போங் மேடானிலிருந்து வருபவை அதிகம். கிராபிக்ஸ் கார்டின் பெயர் முழுதாக இருக்கும். பிராசசரின் எண் இருக்கும். ரேம் எத்தனை ஜிபி என்று இருக்கும். அதற்குக் கீழே 'பி450 மதர்போர்டு' என்று ஒரு வரி, '600 வாட் பவர் சப்ளை' என்று ஒரு வரி. எந்த நிறுவனம், எந்த மாடல் என்ற பேச்சே இருக்காது.

அந்த இரண்டு வரிகளையும் நிரப்பித் தராத கடைக்கு முன்பணம் கொடுக்காதீர்கள். இதை நான் கடுமையாகவே சொல்கிறேன். இப்படி ஒரு கம்ப்யூட்டருக்குப் போகும் மூவாயிரம் வெள்ளி என்பது அப்பாவின் ஓவர்டைமும் அம்மா கூட்டு எடுத்த பணமும் சேர்ந்தது. தேசா மென்தாரி போன்ற அடுக்குமாடியில் இருக்கும் குடும்பம் அந்தத் தொகையை இன்னொரு முறை புரட்டுவதற்குள் பையன் எஸ்.பி.எம். முடித்துவிடுவான்.

கடைகளுக்கு நம் பக்கத்தில் குறைவில்லை. கம்போங் டத்தோ ஹருணில் கொமுட்டர் ஏறி, கே.எல். சென்ட்ரலில் இறங்கி, மோனோரயிலில் இம்பிக்குப் போனால் லோ யாட் பிளாசா நடக்கிற தூரம்தான். 1999இல் திறந்தது. அதற்கு முன்பு கம்ப்யூட்டர் என்றால் இம்பி பிளாசா. பல மாடிகளில் கடைகள் இருப்பதால் ஒரே பட்டியலை நாலு இடத்தில் கேட்டுப் பார்க்கலாம். ஆனால் மாடல் பெயர் இல்லாத பட்டியலை எப்படி ஒப்பிடுவது? அதனால்தான் பெயரைக் கேட்கச் சொல்கிறேன்.

மதர்போர்டை முதலில் எடுத்துக்கொள்வோம். எல்லாப் பாகங்களும் அதில்தான் வந்து சேர்கின்றன. பிராசசர் உட்காரும் சாக்கெட் பொருந்த வேண்டும் என்பது பையன்களுக்குத் தெரிகிறது. ஏஎம்டியில் ஏஎம்4, 2022க்குப் பிறகு ஏஎம்5. இன்டெலில் 12ஆம் தலைமுறை முதல் 14 வரை எல்ஜிஏ1700, 2024இல் வந்த கோர் அல்ட்ராவுக்கு எல்ஜிஏ1851. தப்பு நடப்பது இதற்கு அடுத்த படியில். பி450 போர்டுகள் 2018இல் வந்தவை. ரைசன் 5 5600 வந்தது 2022இல். சாக்கெட் ஒன்றுதான், உட்கார்ந்துவிடும்; ஆனால் போர்டின் பயாஸ், அதாவது கம்ப்யூட்டரை எழுப்பும் அடிப்படை மென்பொருள், பழையதாக இருந்தால் அந்தப் பிராசசரை அதற்கு அடையாளமே தெரியாது. விசிறி சுற்றும், திரை இருட்டாகவே இருக்கும். சில போர்டுகளில் பிராசசரே இல்லாமல் பென் டிரைவ் வைத்துப் பயாஸைப் புதுப்பிக்க ஒரு பொத்தான் உண்டு, சிலவற்றில் கிடையாது. 'பி450' என்ற மூன்று இலக்கத்தை வைத்துக்கொண்டு இதை யாராலும் சொல்ல முடியாது. மாடல் பெயர் இருந்தால், அந்த நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் எந்தப் பிராசசருக்கு எந்தப் பயாஸ் என்று அட்டவணையே கிடைக்கும்.

ரேமும் இதே கதைதான். எல்ஜிஏ1700 போர்டுகளில் டிடிஆர்4 எடுப்பவையும் உண்டு, டிடிஆர்5 எடுப்பவையும் உண்டு. இரண்டுக்கும் 288 பின்கள், நீளமும் ஒன்று. நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ஏஎம்5இல் டிடிஆர்5 மட்டுமே. 2025 கடைசியில் ஏஐ தரவு மையங்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போனதில் ரேம் விலை எகிறியது. அந்த டிசம்பரில் மைக்ரான் நிறுவனம், க்ருஷியல் என்ற பெயரில் பொதுமக்களுக்கு விற்பதையே நிறுத்தப்போவதாக அறிவித்தது. எனவே வீட்டில் பழைய டெஸ்க்டாப்பில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். அதற்கேற்ற போர்டைத் தேடுவது இப்போது அர்த்தமுள்ள வழி. (லேப்டாப்பில் இருந்து கழற்றிய குட்டை ரேம் டெஸ்க்டாப்பில் ஏறாது.)

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. இன்டெல், அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையைக் கட்டியது பினாங்கில், 1972இல். ஏஎம்டியும் அதே ஆண்டில் அங்கே வந்தது. பல ரைசன் பிராசசர்களின் மூடியில் 'மேட் இன் மலேசியா' என்று பொறித்திருப்பதைப் பையன்கள் பார்த்திருப்பார்கள். நம் நாட்டில் ஐம்பது ஆண்டுகளுக்கு மேலாகக் கைபட்டு வெளியேறும் பொருள் இது. அதைப் பிரித்து, பொருத்தி, புரிந்துகொள்ளும் பிள்ளைகள் நம் குடியிருப்புகளிலிருந்து இன்னும் நிறையப் பேர் வர வேண்டும் என்பது என் ஆசை.

பவர் சப்ளைக்கு வருகிறேன். '600 வாட்' என்பது பெட்டியின் மேல் எழுதியிருப்பது. பார்க்க வேண்டியது பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசைக்கு எதிரே எத்தனை ஆம்பியர் என்பதை. பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் குடிப்பது அந்த 12 வோல்ட்டில்தான். 30 ஆம்பியர் என்றிருந்தால் 30ஐ 12ஆல் பெருக்குங்கள்: 360 வாட். மேலே எழுதியிருந்த 600 எங்கே போனது? நல்ல 550 வாட் பவர் சப்ளையில் அதே வரிசை ஏறத்தாழ முழு 550ஐயும் தரும். ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 115 வாட், ரைசன் 5 5600 முழு வேகத்தில் ஓடினால் 90 வாட்டுக்குள். இந்த ஜோடிக்கு நல்ல 550 தாராளம். பெயர் தெரியாத 750 வேண்டாம்.

தரம் கெட்ட பவர் சப்ளை தான் மட்டும் சாவதில்லை, போர்டையும் எஸ்.எஸ்.டி.யையும் கூட்டிக்கொண்டு போகக்கூடும். நம் ஊரில் பிற்பகல் இடி வேறு. இடி இடித்தால் பிளக்கைக் கழற்று என்று அம்மாக்கள் சத்தம் போடுவதை நான் முழுதாக ஆதரிக்கிறேன். சர்ஜ் பாதுகாப்புள்ள எக்ஸ்டென்ஷனும் வேண்டும்.

என் அக்கா மகன் ஒரு பட்டியலைக் காட்டி, "மாமா, ஆர்டிஎக்ஸ் 5070 போடலாமா? காசு கொஞ்சம் சேர்த்துக்கிறேன்" என்று கேட்டான். அவன் தம்பியோடு ஒரே அறையில் படுக்கிறான். ஏர்கோன் இல்லை. அந்தக் கார்டு 250 வாட். விளையாடும் நேரமெல்லாம் அந்த மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் அந்த அறைக்குள் இறங்கும். யூடியூபில் காட்டும் வெப்ப அளவுகள் பெரும்பாலும் 21, 22 டிகிரி குளிர்ந்த அறையில் எடுத்தவை. நம் அடுக்குமாடி அறை மதியம் 32 டிகிரி இருந்தால் உள்ளே எல்லாம் பத்து டிகிரி கூடுதலாகவே இருக்கும். பொருத்தம் என்று நான் சொல்வதில் இந்த அறையும் அடக்கம். 650 சதுர அடி வீட்டுக்கு 115 வாட் கார்டுதான் பொருந்தும் என்று அவனிடம் சொன்னேன். முகம் வாடியது. ஆனாலும் என் கருத்து அதுதான்.

கேசிங்கையும் இதே கண்ணோடு பாருங்கள். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி போட்டது அழகு, காற்று போகாது. வலை போட்ட முன்பக்கம் வாங்குங்கள். கூலரின் உயரம், கார்டின் நீளம் இரண்டையும் கேசிங்கின் அளவுத்தாளோடு ஒத்துப் பாருங்கள். 159 மில்லிமீட்டர் கூலர் 155 மட்டுமே விடும் கேசிங்கில் மூடாது.

அலுவலகங்கள் கழித்த கம்ப்யூட்டரை மலிவாக வாங்கி, கார்டு மட்டும் போட்டு ஓட்டலாம் என்று கேட்பவர்கள் உண்டு. அவற்றில் பலவற்றின் பவர் சப்ளை அந்த நிறுவனத்துக்கே உரிய அளவில், உரிய கனெக்டரோடு இருக்கும். சந்தையில் கிடைப்பது ஏறாது. ஒல்லியான கேசிங்காக இருந்தால் குட்டைக் கார்டு மட்டுமே போகும். ஆறாம், ஏழாம் தலைமுறைப் பிராசசர் என்றால் விண்டோஸ் 11இன் பட்டியலில் அநேகமாக இருக்காது. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14இல் முடிந்துவிட்டது. வாலோரண்ட் ஆடுகிறவர்களுக்கு இன்னொன்று: விண்டோஸ் 11இல் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும்.

காசு போதாதவர்களுக்கு நான் சொல்லும் வழி, கிராபிக்ஸ் கார்டைத் தள்ளிப்போடுவது. உள்ளேயே கிராபிக்ஸ் உள்ள ரைசன் 5 8600ஜி போன்ற பிராசசரை எடுத்து, நல்ல ஏஎம்5 போர்டும் நல்ல பவர் சப்ளையும் வாங்கிவிடுங்கள். வாலோரண்ட் அதிலேயே ஓடும். பிறகு ஆர்டிஎக்ஸ் 4060 போட்டால், அது கேட்கும் எட்டு லேன்களையும் (தரவுப் பாதைகளையும்) 8600ஜி கொடுக்கும். விலை குறைவென்று 8500ஜி எடுத்தால் கார்டுக்கு நான்குதான் கிடைக்கும். இன்டெலில் 12400எஃப் போல எஃப் எழுத்தில் முடிவதை இந்த வழிக்கு எடுக்காதீர்கள். உள்ளே கிராபிக்ஸே கிடையாது.

அக்கா மகன் இந்த வழிக்குச் சம்மதித்திருக்கிறான். சனிக்கிழமை அவனோடு கடைக்குப் போகிறேன். எல்லாவற்றையும் பொருத்தி, எங்கள் கண் முன்னால் ஓட்டிக் காட்டி, பயாஸ் திரையில் ரேமின் வேகத்தைக் காட்டிய பிறகுதான் மீதிப் பணம் என்று பேசியிருக்கிறோம். ரசீதில் போர்டின் மாடலும் பவர் சப்ளையின் மாடலும் எழுதித் தருவதாகக் கடைக்காரர் ஒப்புக்கொண்டார்.