ஒரு நிமிடம்... ஒரு படம்!

இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஆளுக்கொரு மூலையில் போனோடு ஒதுங்கும் தம்பதியா? ஒரு நோட்டு, ஒரு பென்சில் எடுங்கள். பத்து நிமிடம் சேர்ந்து விளையாடலாம்.

அமெரிக்காவின் சியாட்டில் நகரில் ஹோட்டல் சர்வராக இருந்த ராப் ஏஞ்சல், அகராதியைப் புரட்டிச் சொற்களைப் பொறுக்கி, 1985-ல் விற்பனைக்குக் கொண்டுவந்த ‘பிக்‌ஷனரி’தான் இது. ஒருவர் வரைய, மற்றவர் ஒரு நிமிடத்துக்குள் கண்டுபிடிக்க வேண்டும். வரைபவர் பேசக் கூடாது. எழுத்தோ எண்ணோ எழுதக் கூடாது.

அதில் அணிகள் மோதும். வீட்டில் இரண்டே பேர் என்றால் இருவரும் ஒரே அணி! வரைபவர் அன்றைய நாளிதழில் ஒரு பொருளின் பெயரை ரகசியமாகத் தேர்ந்தெடுக்கட்டும். மாறி மாறிப் பத்துச் சொற்கள். நேற்று ஐந்துக்கு விடை வந்ததென்றால் இன்று ஆறுக்கு முயலுங்கள்.

படம் அழகாக வர வேண்டியதில்லை. யானைக்குத் தும்பிக்கை போதும். ஆனால், எதிரில் இருப்பவர் திணறும்போது பலரும் அதே கோட்டையே அழுத்தி அழுத்தி வரைவார்கள். ‘இதுகூடவா புரியலை?’ என்று முகம் கடுகடுக்கும். வரைபவருக்கு மனதில் முழு யானையே நிற்கிறது; பார்ப்பவருக்குத் தெரிவதோ ஒரு வளைந்த கோடு. பக்கத்தில் ஒரு முறக்காதைச் சேர்த்தால் விடை வந்துவிடும்.

‘சொல்லாமலே புரிய வேண்டாமா?’ என்று வீட்டில் மூளும் சண்டைகளும் இதே ரகம்தான். குரலை உயர்த்துவது, அதே கோட்டை அழுத்துவதுதான். வேறு விதமாகச் சொல்லிப் பாருங்கள்.

நேரம் முடிந்தும் விடை வரவில்லையா? கேலி வேண்டாம். ‘என்ன நினைச்சு வரைஞ்சீங்க?’ என்று கேளுங்கள். பேச்சு அங்கிருந்து தானாக வளரும்.