தண்டவாளம் போனது, மதகு இருக்கிறது



தோட்டத்தில் பிறந்து வளர்ந்த உங்களில் பலருக்கு ரயில்பாதை மதகு நினைவிருக்கும். மேலே தண்டவாளம், அடியில் செங்கல் வளைவு. பால்மரக் காட்டில் பெய்த மழைத் தண்ணீர் அதன் வழியாக அந்தப் பக்கம் ஓடும். பள்ளி விட்டு வரும்போது அதற்குள் புகுந்து கத்திப் பார்க்காத பிள்ளை உண்டா? நானும் கத்தியிருக்கிறேன். பிஞ்சுக் குரல் போய்ப் பெரிய ஆள் குரலாகத் திரும்பி வரும். அதற்காக அம்மாவிடம் அடியும் வாங்கியிருக்கிறேன்.

அந்த மதகுகளைக் கட்டியது யார் என்று அப்போது கேட்கத் தோன்றவில்லை.

மலாயாவின் முதல் ரயில்பாதை நம் பேராவில்தான் போடப்பட்டது. தைப்பிங்கிலிருந்து போர்ட் வெல்ட் துறைமுகம் வரை ஏறக்குறைய எட்டு மைல். ஈயம் கொண்டு போவதற்காக 1885 ஜூன் 1ஆம் தேதி திறந்தார்கள். இலங்கையிலிருந்து வந்த 'பயனியர்' படையின் இரண்டு பிரிவுகள் அதைப் போட்டன. 1893இல் தாப்பா ரோட்டிலிருந்து தெலுக் ஆன்சனுக்கு (இன்றைய தெலுக் இந்தான்) ரயில் ஓடியது. 1900இல் கராயில் செங்கல் தூண்களின் மேல் விக்டோரியா பாலம் எழுந்தது. பாதை போட்டு, அதைப் பராமரித்த கூலிப் படைகளில் பெரும்பகுதி நம் ஆட்களே. ஆளுநர் வெல்டின் பெயரைத் துறைமுகத்துக்கு வைத்தார்கள். செங்கல் சுமந்தவரின் பெயரை எந்தப் பலகையிலும் காணோம்.

இன்று அந்த ஊருக்குக் கோலா செபெத்தாங் என்று பெயர். தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். பழைய நிலையப் பலகை நிற்கிறது. அதில் தமிழ் எழுத்தும் இருக்கிறது. அடுத்த முறை மீன் சாப்பிடப் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிப்போய்ப் படிக்கச் சொல்லுங்கள்.

இதேபோல் தண்டவாளம் பெயர்க்கப்பட்ட ஒரு பாதை இங்கிலாந்தில் உண்டு. செல்ட்டனம் நகரிலிருந்து பிராட்வே வழியாகச் செல்லும் அந்தப் பாதையை 1904 முதல் பகுதி பகுதியாகத் திறந்தார்கள். 1976இல் ஒரு சரக்கு ரயில் தடம்புரண்டதும் பாதையை மூடிவிட்டார்கள். 1979இல் தண்டவாளமும் போயிற்று. மிஞ்சியவை மண்மேடும் செங்கல் பாலங்களும் மதகுகளும்தாம். ஊர்க்காரர்கள் விடவில்லை. நிலத்தை வாங்கி, சம்பளமில்லாமல் உழைத்து, 1984இல் ஒரு துண்டுப் பாதையில் ரயிலை ஓட்டினார்கள். 2010இலும் 2011இலும் மண்மேடு சரிந்தது. மறுபடி பணம் திரட்டி, மறுபடி கட்டினார்கள். 2018இல் ரயில் பிராட்வேக்கே வந்து சேர்ந்தது. மொத்தம் பதினான்கு மைல்!

சம்பளமில்லாத வேலையா என்று சிரிக்காதீர்கள். கோயில் திருவிழாவுக்குப் பந்தல் போட்ட கைகளுக்கு அது புதிதல்ல. ஒன்று மட்டும் நியாயமாகச் சொல்ல வேண்டும். அங்கே வருகிறவர்களில் ஓய்வூதியம் வாங்கும் பெரியவர்கள் பலர். விடியற்காலையில் பால் வெட்டப் போய் உடம்பு ஓய்ந்தவர்களை அவர்களோடு ஒப்பிட எனக்கு மனமில்லை.

மதகு வேலை வெளியில் தெரியாத வேலை. ரயில் எஞ்சினுக்கு வண்ணம் பூசினால் எல்லாரும் பார்ப்பார்கள். மதகுக்குள் குனிந்து கிடப்பவரை யார் பார்ப்பார்? ஆனால் மதகு அடைத்தால் மண்மேடு அணையாகிவிடும். மேட்டுப் பக்கத்து வீடுகளில் தண்ணீர் ஏறும், மண் ஊறிச் சரியும். மரவேர் செங்கல் இடுக்கில் நுழைந்து ஒரு கல்லைத் தள்ளினாலே போதும், மேலிருக்கும் மண் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து உள்ளே ஓட்டை விழும்.

முதலில் மணல் மூட்டை அடுக்கி, தண்ணீரைக் குழாய் வழியே திருப்பிவிடுவார்கள். சேற்றை வாரி, வேரை அறுப்பார்கள். கற்களுக்கிடையே உளுத்துப்போன பழைய சாந்தைச் சுரண்டிக் கழுவுவார்கள். வளைவில் நிறையக் கற்களை ஒரே நேரத்தில் எடுத்தால் எல்லாமே தலைமேல் வந்துவிடும். ஆகவே அடியில் மரச்சட்டம் கொடுத்து, சிறிது சிறிதாக மாற்ற வேண்டும். பிறகு கொத்துக்கரண்டியால் புதுச் சாந்தைத் திணித்து, ஈரச் சாக்குப் போட்டு நாள்கணக்கில் காய விடுவார்கள்.

அந்தச் சாந்து சிமெண்டு அல்ல, சுண்ணாம்பு! பழைய செங்கல் மிருதுவானது. சிமெண்டைப் பூசினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் செங்கலுக்குள்ளேயே தங்கி, கல்லின் முகம் செதில் செதிலாக உதிரும். கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துச் சுண்ணாம்பு அரைத்த நம் கொத்தனார்களுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியிருக்காது.

மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு இன்றே கிளம்பச் சொல்லவில்லை. ரயில் ஓடும் பாதைக்குள் காலே வைக்காதீர்கள். கைவிடப்பட்ட பாதையானாலும் நிலத்துக்கு உரியவரைக் கேட்டுவிட்டே போங்கள். பாம்பு இருக்கும்.

தோட்டத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தவர்களே, உங்களை ஒன்று கேட்கிறேன். தாத்தா ரயில்பாதைக் கூலிப்படையில் இருந்தாரா? அவர் பெயர் என்ன, எந்தத் தோட்டத்துப் பக்கம், எந்த மதகு? வீட்டில் அவரை நினைவில் வைத்திருக்கும் பெரியவர் இருக்கும்போதே கேட்டு, ஒரு தாளில் எழுதி இந்தப் பக்கத்துக்கு அனுப்புங்கள். எழுத்துப் பிழையைப் பற்றிக் கவலை வேண்டாம். திருத்துவது என் வேலை.