எங்குமில்லாப் பாலமும் ஐரோப்பாவின் ஒற்றைக் காசும்!

பல நாட்டவரையும் ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிட்டால் அவர்கள் ஓரினமாகிவிடுவர் என்று நம்பும் அறிவாளிகள் எந்நாட்டிலும் உளர். அன்னார் ஐரோப்பியரின் யூரோத் தாள் ஒன்றைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்க்கட்டும்! முன்புறம் வாயில்களும் பலகணிகளும், பின்புறம் பாலங்கள். எந்த ஊர்ப் பாலம்? எந்த ஊர்ப் பாலமும் அன்று! 2002-இல் புழக்கத்திற்கு வந்த அத்தாள்களை வரைந்தவர் ஆத்திரிய நடுவண் வைப்பகத்தைச் சார்ந்த இராபர்ட்டு கலினா. அவர் முதற்கண் வரைந்தவற்றில் வெனிசு நகரத்துப் பாலம் அடையாளம் தெரிந்துவிட்டது. இத்தாலியனின் பாலம் செருமானியன் பைக்குள் புகலாமா? எனவே, எவர்க்கும் உரியதாகாதவாறு மாற்றி வரையச் செய்தனர். பின்னர் நெதர்லாந்தின் இசுபைக்கனிசு என்னும் ஊரார், அவ்வெற்றுப் பாலங்கள் ஏழனையும் தம்மூர் நீரோடைகளின்மேல் மெய்யாகவே கட்டி 2013-இல் முடித்துவிட்டனர். எந்நாட்டிற்கும் உரியதன்று என்று வரைந்ததெல்லாம் ஒரு நாட்டின் ஓரூர்க்கே உரியதாயிற்று!

பெயர் சூட்டியதும் இவ்வாறே. ‘எக்கு’ என்னும் பெயர் முன்னமே கணக்கேடுகளில் வழங்கிவந்தது. அது பிரான்சின் பழங்காசொன்றின் பெயருமாகும். ஆதலின் செருமானியர்க்குக் கசந்தது. பசுவைக் குறிக்கும் தம் சொல்லைப்போல் அஃது ஒலிக்கின்றதென்றும் அவர்கள் நகைத்தனர். 1995 திசம்பரில் மத்ரீதில் கூடித்தான், எவர்க்கும் இனிக்காததும் எவர்க்கும் கசக்காததுமான ‘யூரோ’வைத் தேர்ந்தனர்.

நடுவண் வைப்பகம் செருமனியின் பிராங்க்பர்ட்டில் அமைந்தது. அப்படியாயின், தலைவர் எம்மவரே என்றது பிரான்சு. 1998 மே திங்களில் பிரசல்சில் நண்பகல் உணவுக்கு அமர்ந்த அரசுத் தலைவர்கள், நள்ளிரவு கடந்துதான் ஒரு முடிவுக்கு வந்தனர். எட்டாண்டுப் பதவிக்கு நெதர்லாந்தின் துயிசன்பெர்க்கு அமர்த்தப்பெற்றார். ஆனால், அவரே ‘தாமாக மனமுவந்து’ இடையில் விலகுவாராம்! 2003-இல் அவர் விலகினார். பிரான்சின் திரிசே அமர்ந்தார். மனம் உவந்த கதை அவ்வளவுதான்.

இவையெல்லாம் நகைப்புக்குரியவை. நகைக்கவியலாத ஒன்றும் உண்டு. அரசின் பற்றாக்குறை, நாட்டின் மொத்த ஆக்கத்தில் 3 விழுக்காட்டைத் தாண்டலாகாது. தாண்டினால் ஒறுப்பு என்னும் வரம்பினை வற்புறுத்திப் பெற்றது செருமனி. அதனைத் தாண்டியவருள் அதுவும் பிரான்சுமே இருந்தன! 2003 நவம்பரில் நிதியமைச்சர்கள் கூடி, அவ்விரு நாடுகள்மேல் எடுக்கவிருந்த நடவடிக்கையை நிறுத்திவைத்தனர். வேலி கட்டியவனே வேலி தாண்டினால், அதற்குப் பெயர் ‘சூழ்நிலை’ போலும்!

கிரேக்கம் தாண்டியபோது அப்பெயர் கிடைக்கவில்லை. அதுவும் தன் கணக்கை மறைத்தே வைத்திருந்தது, அதனை மறுப்பாரில்லை. 2009-இல் உண்மை வெளிப்பட்டதும் செருமானிய இதழொன்று, கிரேக்கரின் காதல் தெய்வச் சிலையே இழிகுறிப்பாக விரல் காட்டுவதுபோல் அட்டைப்படம் வெளியிட்டது. தீவுகளை விற்றுக் கடனடைக்கச் சொல்லிற்று மற்றோர் இதழ். கிரேக்கத் துணைத் தலைமையமைச்சரோ, உலகப்போரில் எம் பொன்னைக் கொண்டுபோனவர் யார் என்று கேட்டார். ஒரே காசு வளர்த்த உடன்பிறப்பன்பு இது!

திரக்மா என்னும் தன் பழங்காசு இருந்திருப்பின், அதன் மதிப்பைக் குறைத்துக்கொண்டு, தன் பொருள்களை மலிவாக்கி அந்நாடு ஓரளவேனும் மூச்சுவிட்டிருக்கும். காசு தன்னதன்று, எனவே கூலியும் ஓய்வூதியமும் குறைந்தன. 2013-இல் வேலை தேடிய இளைஞருள் பாதிக்கு மேற்பட்டோர்க்கு வேலையில்லை. 2015 சூலை 5-ஆம் நாள் கடன் கொடுத்தோர் கட்டளை வேண்டாவென 61 விழுக்காட்டினர் ஒப்போலை இட்டனர். ஒரு கிழமைக்குள் அவ்வரசே கட்டளைக்குத் தலைகுனிந்தது. மக்கள் விடை ஏதென்ஸில். காசின் திறவுகோல் பிராங்க்பர்ட்டில்!

அவ்வாண்டே பெல்சியம், வாட்டர்லூப் போரின் இருநூறாம் ஆண்டிற்கு இரண்டு யூரோக் காசு வார்த்தது. நெப்போலியன் தோற்ற களத்தைப் பிரான்சுக்காரன் தன் பையில் சுமப்பானா? பிரான்சு எதிர்த்தது, வார்த்த 1,80,000 காசுகளும் வீணாயின. பெல்சியர் வாளாவிருந்தனரா? வழக்கத்திலில்லாத மதிப்பில் ஒரு நாடு தன் எல்லைக்குள் மட்டும் காசு வெளியிடலாம் என்னும் ஓட்டையைக் கண்டுபிடித்தனர். இரண்டரை யூரோக் காசு 70,000 வார்த்தனர்! பெல்சியத்துக்கு வெளியே அது செல்லாது. செல்லாவிட்டாலென்ன? நெப்போலியன் தோற்றது தோற்றதுதானே!

பொதுக்காசு விழுங்கமுடியாத ஒன்றும் உண்டு, அது மொழி. ‘யூரோ’வைக் கிரேக்கர் தம் எழுத்திலும் பொறிக்கச் செய்தனர். 2007-இல் ஐரோப்பிய ஒன்றியத்துட் புகுந்த பல்கேரியர், எம் மொழியில் அது ‘எவ்ரோ’. எம் எழுத்திலேயே எழுதவேண்டும் என்று நின்றனர். அயல்நாட்டுடன் செய்யவிருந்த உடன்பாடொன்றையே அதற்காகத் தடுக்கத் துணிந்தனர். 2013-இல் புதிய தாள்களில் மூன்றாம் வரிவடிவமாக அவ்வெழுத்து ஏறிற்று. பல்கேரியா அக்காசை ஏற்றதோ 2026 சனவரி முதல்நாள். நாடு போய்ச் சேர்வதற்குப் பதின்மூன்றாண்டு முன்னரே அதன் எழுத்து போய் அமர்ந்திருந்தது!