தூக்குறதுக்கு முன்னாடி அளந்து பாருங்க

பழைய லாரி ஒண்ணு புகை தள்ள ஆரம்பிச்சதும் சுத்தி நிக்கிற எல்லாரும் சொல்ற டயலாக் ஒண்ணுதான்: "அந்த இன்ஜினைத் தூக்கிப் போட்டுட்டு வேற இன்ஜின் வைங்க." மெக்கானிக்கல் படிக்கிற நாமளும் அதையேதான் சொல்றோம், கொஞ்சம் இங்கிலீஷ் சேர்த்து. என் கருத்து நேர் எதிர். வருஷத்துக்குச் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓடுற பழைய லாரிக்கு, பிளாக் உடையாத வரைக்கும், அதோட சொந்த இன்ஜினைத்தான் திரும்பக் கட்டணும்.

இதைத் தியரியா மட்டும் சொல்லல. திருவண்ணாமலையில், ரமணாசிரமத்துக்குப் பக்கத்துல, செங்கம் ரோட்டிலிருந்து பிரியுற ஒரு தெருவுல டாடா 1210 ஒண்ணு நிக்குது. 1970கள்ல வந்த வண்டி. என் கிளாஸ்மேட்டோட பெரியப்பா அதுல அரிசியும் வேர்க்கடலையும் ஏத்தித்தான் குடும்பத்தைக் காப்பாத்தினார். இப்போ மாசம் 200 கிலோமீட்டர் ஓடினாலே அதிகம். பௌர்ணமிக்கு முந்தின நாள் கிரிவலப் பாதையில அன்னதானம் போடுறவங்களுக்கு அரிசி மூட்டையும் பாத்திரமும் இறக்கும், அவ்வளவுதான். இப்போ புகை ஜாஸ்தி, ஆயிலும் குடிக்குது. ஆக்சிடென்ட் ஆன புது லாரியோட காமன் ரெயில் இன்ஜின் கம்மி விலைக்குக் கிடைக்குது, அதை வச்சிடலாம்னு பையன் சொல்றார். "அந்தச் சத்தம் போயிட்டா அது என் வண்டி இல்லப்பா"ன்னு பெரியப்பா. வீட்டுல இதே பேச்சுதான் ஓடுது.

நான் பெரியப்பா கட்சி. ஆனா அவர் சொல்ற காரணத்துக்காக இல்ல.

மொதல்ல பணம். புது இன்ஜின் மைலேஜ் குடுக்கும், அது உண்மை. பழசு லிட்டருக்கு 4, புதுசு 5 குடுக்குதுன்னே வச்சுக்குவோம். மாசம் 200 கிலோமீட்டருக்கு 50 லிட்டர் செலவாகுற இடத்துல 40 ஆகும். மிச்சம் 10 லிட்டர். டீசல் 90 ரூபாய்னு போட்டா மாசம் 900 ரூபாய். இதே வண்டி மாசம் 6,000 கிலோமீட்டர் ஓடினா மிச்சம் 300 லிட்டர், 27,000 ரூபாய். ரெண்டாவது ஆளா நீங்க இருந்தா இந்தக் கட்டுரையை இங்கேயே நிறுத்திட்டு இன்ஜினை மாத்துங்க, நான் தடுக்கல. பெரியப்பா முதல் ஆள்.

அடுத்தது, "இன்ஜின் மாத்துறது"ன்னு ஒரே வேலை மாதிரி பேசுறோம் பாருங்க, அதுதான் தப்பு. கிராங்க் சென்டரும் கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சென்டரும் ஒரே கோட்டுல வரணும். பெல் ஹவுசிங்குக்கு நடுவுல போடுற அடாப்டர் பிளேட்டை லேத்துல கடைஞ்சு, டயல் கேஜ் வச்சுப் பார்க்கணும். கொஞ்சம் விலகினாலும் கிளட்ச்சும் பேரிங்கும் சீக்கிரமே போகும். மவுண்ட் வெட்டி வெல்டு பண்ணணும். ரேடியேட்டர் பத்தாது. பிரேக்குக்கு உதவுற பம்ப் பழைய இன்ஜின்லதான் ஓடுது, அதுக்கு இடம் தேடணும். காமன் ரெயில்னா இ.சி.யு., சென்சார், வயரிங் எல்லாம் கூடவே வரணும். பி.எஸ். 6 இன்ஜின்னா சைலன்சர் பக்கம் யூரியா கரைசல் டேங்க் வரைக்கும் போகும். ஒரு சென்சார் போனா வண்டி நடு ரோட்டுல நிக்கும், ஸ்பேனரை வச்சு ஒண்ணும் பண்ண முடியாது.

எனக்கே ஆச்சரியமா இருந்த கணக்கு ஒண்ணு. டிஃபரன்ஷியல் ரேஷியோ 6.8, டாப் கியர் நேரடி, டயர் ஒரு சுத்துக்கு 3.1 மீட்டர்னு எடுத்துக்கோங்க. பழைய இன்ஜின் 2,800 ஆர்.பி.எம். வரைக்கும் போகும், அப்போ வேகம் மணிக்குச் சுமார் 76 கிலோமீட்டர். அதே இடத்துல 2,400-ல் கவர்னர் வெட்டுற புது இன்ஜின் வச்சா, எவ்வளவு ஹெச்.பி. இருந்தாலும் 65-க்கு மேல போகாது. கூடுதல் டார்க் எங்க போகும்? பழைய கியர்பாக்ஸ், கிரவுன் பினியன் மேலதான் போகும். அதையும் மாத்தணும். அப்புறம் அது 1210 ஷீட் மெட்டல் போட்ட வேற லாரி.

திரும்பக் கட்டுறதுல இவ்வளவு சஸ்பென்ஸ் கிடையாது. அந்த வண்டியில இருக்கிறது 692 இன்ஜின். பேர்லயே அளவு இருக்கு: 6 சிலிண்டர், 92 மில்லிமீட்டர் போர். ஸ்ட்ரோக் 120, மொத்தம் 4.8 லிட்டர் கிட்ட. அதுக்கு அண்ணன் மாதிரி பின்னாடி வந்த 697-க்கும் அதே பேர் வைக்கிற முறைதான், 97 மில்லிமீட்டர் போர். இந்த இன்ஜின்கள் நாடு முழுக்க ஓடினதால பிஸ்டன் செட்டு, லைனர், பேரிங், கேஸ்கட் எல்லாம் இன்னும் கடையில கிடைக்குது. வின்டேஜ் வண்டிக்காரங்க பலருக்கு இந்த அதிர்ஷ்டம் இல்ல.

ஆனா அதுக்கும் முன்னாடி, புகையோட கலரைப் பாருங்க. கறுப்புன்னா டீசல் சரியா எரியல, நாசில், பம்ப், ஏர் ஃபில்டர் பக்கம் தேடணும். நீலம்னா ஆயில் எரியுது, ரிங், போர், வால்வு கைடு சந்தேகம். பம்பை காலிபரேஷன் பெஞ்ச்ல ஏத்தி, நாசில் மாத்தினதுலயே சரியான "செத்துப்போன" இன்ஜின்கள் எத்தனையோ.

ஆயில் குடிக்குதுன்னா ஹெட்டை இறக்கித்தான் ஆகணும். டயல் போர் கேஜ் வச்சு ஒவ்வொரு சிலிண்டரையும் மேல, நடுவுல, கீழ, ரெண்டு திசையில அளக்கணும். தேய்மானம் அதிகமா இருக்கிறது டாப் ரிங் திரும்புற இடத்துல. அங்க ஆயில் படலம் மெலிசு, சூடும் அழுத்தமும் அதிகம். நகத்தால தடவினாலே அந்த விளிம்பு தெரியும். கிராங்க் ஜர்னல் முட்டை வடிவமாயிருந்தா கிரைண்ட் பண்ணி அண்டர்சைஸ் பேரிங். லைனர் மாத்தினா போர் மறுபடியும் ஸ்டாண்டர்டு சைஸ். ஹெட் ஃபேசிங், வால்வு சீட்டிங். இதுல ஒவ்வொண்ணுக்கும் ஒரு அளவு இருக்கு, அந்த அளவுக்கு ஒரு லிமிட் இருக்கு. பெரியப்பா வீட்டுல இதுவரைக்கும் யாரும் எதையும் அளக்கல, விவாதம் மட்டும் நடக்குது.

இன்ஜின் மாத்துறதே பாவம்னு நான் சொல்லல. நம்ம ஊர் லாரித் தொழிலே அதுலதான் வளர்ந்திருக்கு. பெர்கின்ஸ் பி6 பல நாடுகள்ல பெட்ரோல் லாரியை டீசலா மாத்துறதுக்குன்னே விலை போன இன்ஜின். சென்னை செம்பியம் சிம்சன் கம்பெனி பெர்கின்ஸ் இன்ஜின்களை இங்கேயே செஞ்சது. அசோக் லேலண்டே ஜப்பானோட ஹினோ இன்ஜினை ஓசூர்ல தயாரிச்சுத் தன் வண்டியில வச்சது. ஆசிரமம் பக்கம் வெளிநாட்டுக்காரங்க ஓட்டுற புல்லட்டைப் பார்த்திருப்பீங்க. அந்த புல்லட்டுக்கே 325 சி.சி. லொம்பார்டினி டீசல் இன்ஜின் வச்சு டாரஸ்னு வித்தாங்க, 6.5 ஹெச்.பி. (அதை ஓட்டினவங்க பொறுமைக்கு ஒரு மெடல் குடுக்கலாம்.) ஆனா இதெல்லாம் சம்பாதிக்கிற வண்டிக்காக, எரிபொருள் செலவுக்காகச் செஞ்சது. அதுவும் கம்பெனியே கியர்பாக்ஸ்லேர்ந்து கூலிங் வரைக்கும் பொருத்திக் குடுத்தது.

நீலகிரி மலை ரயிலைப் பாருங்க. மேட்டுப்பாளையம் - குன்னூர் நடுவுல 12 அடிக்கு ஒரு அடி ஏறுற பல்சக்கரப் பாதை. அங்க ஓடுற எக்ஸ் கிளாஸ் நீராவி இன்ஜின் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூர்ல கட்டினது. தேய்ஞ்சு போனப்போ அந்த ஏற்றத்துக்கு டீசல் வைக்கல. நிலக்கரிக்குப் பதில் எண்ணெய் எரியுற மாதிரி மாத்தினாங்க, 2010கள்ல திருச்சி பொன்மலைப் பணிமனையில அதே டிசைன்ல புதுசாவே கட்டினாங்க. பல்சக்கரம் தேவைப்படாத குன்னூர் - ஊட்டி பகுதிக்கு டீசல் இன்ஜின். ஏத்தத்துக்கு எது பொருந்துமோ அது, பல்சக்கரம் வேண்டாத இடத்துக்கு எது லாபமோ அது. பாசத்துல எடுத்த முடிவு மாதிரி எனக்குத் தெரியல.

சட்டமும் இருக்கு. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52-ஆம் பிரிவின்படி ஆர்.சி.-யில உள்ள விவரம் உற்பத்தியாளர் குடுத்ததுலேர்ந்து மாறுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொல்லிடுச்சு. இன்ஜின் நம்பர் ஒத்துப்போகலைன்னா எஃப்.சி.-யும் சிக்கல், இன்சூரன்ஸ் கிளெய்மும் சிக்கல். அன்னதான மூட்டையோட போற வண்டி யாரையாவது இடிச்சிட்டா என்ன ஆகும்னு பையன் யோசிச்ச மாதிரி தெரியல.

இதுல எனக்கு ஒரு கோபம் உண்டு. 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வண்டிகளுக்குத் தனி விதி கொண்டு வந்துச்சு: 50 வருஷத்துக்கு மேல ஆன, இன்ஜின், சேசிஸ் பெருசா மாத்தாத வண்டிக்கு வி.ஏ. எழுத்தோட தனி நம்பர். ஆனா சொந்த உபயோகத்துக்கான டூவீலருக்கும் நாலு சக்கர வண்டிக்கும்தான். பங்களா ஷெட்டுல நிக்கிற கார் பாரம்பரியம், ஊருக்கே அரிசி கொண்டு வந்த லாரி பழைய இரும்பு. யார் உக்காந்து முடிவு பண்ணாங்களோ!

நம்ம டிபார்ட்மென்ட் பசங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் காசு குடுத்து வாங்குறதுக்குப் பதிலா, இப்படி ஒரு இன்ஜினைப் பிரிச்சு அளந்து எழுதலாம். கிராங்க் கிரைண்டிங்கும் பம்ப் காலிபரேஷனும் கையில வச்சிருக்கிற பட்டறை அண்ணன்களுக்குக் கூட நிக்க அடுத்த ஆள் இல்ல. நம்ம லேப்ல போர் கேஜ் பெட்டிக்குள்ளேயே தூங்குது.

பிளாக்கே விரிசல் விட்டிருந்தா? அப்போ மாத்தித்தான் ஆகணும். அப்பவும் என் சாய்ஸ் காமன் ரெயில் இல்ல. பழைய இரும்புக் கடையில இன்னொரு 692 தேடுங்க, வாங்குறதுக்கு முன்னாடி அதையும் அளங்க, பில்லை வாங்கி வச்சுக்கிட்டு ஆர்.டி.ஓ. ஆபீஸ்ல அனுமதி கேட்டு, புது நம்பரை ஆர்.சி.-யில ஏத்துங்க. மவுண்டுல ஒரு ஓட்டை கூடப் புதுசா போட வேண்டியிருக்காது.