பொருளின் பிறப்பிடமும் விலையின் ஒரு பகுதியே

“நாற்காலி உறுதியாகத்தானே இருக்கிறது, எந்த நாட்டில் செய்திருந்தால் என்ன?” என்று கேட்கும் விற்பனையாளர்கள் உண்டு. இக்கேள்வியை நாம் ஏற்பதற்கில்லை. இத்தாலியப் பொருள் என்று சொல்லிக் கூடுதல் விலை பெற்றிருந்தால், அக்கூடுதல் தொகை அந்தச் சொல்லுக்காகவே தரப்பட்டது. சொல் பொய்யானால், மரம் எவ்வளவு உறுதியாக இருந்தாலும் வாடிக்கையாளருக்கு இழப்பே.

2011 ஜூலையில் சீன மத்தியத் தொலைக்காட்சி, டா வின்சி என்னும் நிறுவனம் இத்தாலியப் பொருள் என விற்ற மரச்சாமான்களில் சில, சீனாவின் டோங்குவான் நகரிலேயே செய்யப்பட்டவை எனச் செய்தி வெளியிட்டது. நிறுவனம் மறுத்தது, வாங்கியோரோ பணத்தைத் திரும்பக் கேட்டனர். பிறப்பிடத்தை மறைத்ததாகச் சொல்லப்பட்டது பூசலாயிற்று.

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள், இணையவழி விற்பவர் பொருளின் பிறப்பிட நாட்டைத் தெரிவிக்க வேண்டும் என்கின்றன. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, வாடிக்கையாளர் தாம் வசிக்கும் இடத்திலேயே வழக்குத் தொடரலாம். நீலசந்திராவில் குடியிருப்பவர் டெல்லிக் கடையில் வாங்கியிருந்தாலும், பெங்களூரு மாவட்ட ஆணையத்தை அணுகினால் போதும். தந்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமில்லை; காலவரம்பு 2 ஆண்டுகள். 1915 என்ற உதவி எண்ணிலும் முதலில் முறையிடலாம்.

ஆயினும் சட்டத்திற்குச் சான்று வேண்டும். கடையில் வாய்மொழியாகச் சொன்னதை நிறுவுவது கடினம். எனவே பிறப்பிட நாட்டைப் பட்டியல் சீட்டில் எழுதித் தருமாறு கேளுங்கள். எழுதத் தயங்கும் கடைக்காரரிடம் வாங்கத் தயங்குவதே நலம். விளம்பரத்தையும் படியெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

வங்கியாளராக ஒன்றை வலியுறுத்துகிறோம். கடன் பெற்று வாங்கியவர்கள், கடைக்காரர் மீதுள்ள சினத்தால் தவணையை நிறுத்திவிட வேண்டாம். கடன் மதிப்பெண் குறைவது உங்களுக்கே. கடன் அட்டையில் செலுத்தியிருந்தால், பொருள் விவரத்துடன் ஒத்துப்போகவில்லை எனக் காலம் தாழ்த்தாமல் அட்டை வழங்கிய வங்கிக்கு எழுத்துமூலம் தெரிவியுங்கள். அங்கும் சீட்டே பேசும்.

உள்ளூர்த் தச்சர் செய்த மேசை, உள்ளூர் மேசையாகவே விற்கப்படட்டும். அதில் இழுக்கில்லை. அயல்நாட்டுப் பெயர் ஒட்டினால் வாங்குபவர் பணத்தை இழக்கிறார். செய்தவர் தம் பெயரையே இழக்கிறார்.