பழைய கணினிக்கு மறுவாழ்வு

“வாப்பா, இந்தக் கணினி இனி உதவாதாம், புதியது வாங்கித் தாங்க” என்று உயர்தர வகுப்பில் பயிலும் மகன் கேட்கின்றான். மருதமுனையில் தறியோடு நாளெல்லாம் போராடும் தந்தைக்கு அது இலேசான காரியமா?

மகன் கூறுவதிலும் உண்மை உண்டு. விண்டோஸ் 10 முறைமைக்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடித்துக்கொண்டது. விண்டோஸ் 11 முறைமையோ பழைய கணினிகள் பலவற்றை ஏற்பதில்லை. யந்திரம் பழுதாகவில்லை, ஆயினும் அதற்கு ஓய்வு கொடுத்துவிட்டார்கள்.

இந்நிலையில் கைகொடுப்பது லினக்ஸ் என்னும் பணிசெயல் முறைமை. பின்லாந்தில், ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவரான லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் இதனைத் தொடக்கிவைத்தார். இதனை எவரும் விலையின்றிப் பெறலாம், பிறருக்கு வழங்கலாம், திருத்தியும் அமைக்கலாம்.

விலையில்லாப் பொருள் தரமற்றது என்று எண்ணுவோர் நம் நாட்டின் அனுபவம் ஒன்றை அறிதல் நன்று. 2004 டிசம்பர் 26ஆம் திகதி ஆழிப்பேரலை நம் கரையோரத்தைச் சிதைத்தது. அப்பொழுது காணாமற்போனோரையும் முகாம்களையும் நிவாரணப் பொருட்களையும் பதிவுசெய்வதற்கென இலங்கை வல்லுநர்கள் தொண்டர்களாகக் கூடிச் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினார்கள். அதுவும் லினக்ஸைப் போன்று கட்டற்றதே. ஆதலின் 2005இல் பாகிஸ்தான் பூகம்பத்தின்போதும், 2010இல் ஹெயிட்டியிலும் அது துணைநின்றது.

நிற்க. லினக்ஸை நிறுவுமுன் செய்யவேண்டிய முதற்காரியம் யாது? காப்பு நகல் எடுப்பதே. இதனை எழுதுபவன் முதன்முறை லினக்ஸ் நிறுவியபோது, ‘வன்தட்டை முழுதும் அழித்து நிறுவுக’ என்ற தெரிவை வாசியாமலே அழுத்திவிட்டான். காலஞ்சென்ற உம்மம்மாவோடு எடுத்த பெருநாட் படங்கள் அத்தனையும் அழிந்தன. அவை இன்றுவரை மீளவில்லை. ஆகவே படங்களையும் பாடக் குறிப்புகளையும் வேறொரு வன்தட்டில் நகலெடுத்து, அவை திறக்கின்றனவா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தெரிவு. நினைவகம் 4 கிகாபைட்டு மட்டுமேயாயின் லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எப்.சி.ஈ. பதிப்பு பொருந்தும். 8 கிகாபைட்டு உண்டெனில் மின்ட்டின் சினமன் பதிப்பையோ உபுண்டுவையோ நாடலாம். அதற்குரிய கோப்பை அந்தந்த நிறுவனத்தின் தளத்திலிருந்தே இறக்கி, 8 கிகாபைட்டுப் பென் டிரைவ் ஒன்றில் அதற்கென உள்ள மென்பொருளால் எழுதவேண்டும். பென் டிரைவில் முன்பிருந்தவை அழிந்துபோகும் என்பதை மறவாதீர்கள்.

அந்தப் பென் டிரைவிலிருந்தே கணினியை இயக்கினால், வன்தட்டில் எதையும் மாற்றாமல் லினக்ஸைப் பரீட்சித்துப் பார்க்கலாம். வைஃபை இணைகின்றதா, ஒலி கேட்கின்றதா, அச்சுப்பொறி இயங்குகின்றதா, தமிழ் எழுத்துகள் செவ்வையாகத் தெரிகின்றனவா என்று ஒரு மாலைப் பொழுதேனும் சோதியுங்கள். விண்டோஸில் மட்டும் இயங்கும் மென்பொருள் எதுவும் படிப்புக்கு இன்றியமையாததாயின், இரண்டு முறைமைகளையும் அருகருகே வைத்துக்கொள்ளவும் வழி உண்டு. கட்டுரை எழுதவும் கணக்குத் தாள் ஆக்கவும் லிப்ரே ஒபிஸ் போதும்.

இனி, இற்றைப்படுத்தல். பாதுகாப்புத் திருத்தங்களை வாரந்தோறும் ஏற்றுக்கொள்ளுங்கள். பதிப்பையே மாற்றுவது வேறு காரியம். அதில் அவசரம் கூடாது. உபுண்டுவின் நீண்டகால ஆதரவுப் பதிப்பு இரண்டாண்டுக்கொருமுறை வெளிவருகின்றது. ஒவ்வொன்றுக்கும் ஐந்தாண்டு ஆதரவு உண்டு. மின்ட்டின் பிரதான பதிப்பும் அதனை அடியொற்றியதே. ஆகையால் புதியது வந்த அன்றே மாறவேண்டியதில்லை. பரீட்சைக்கு முந்திய வாரத்தில் ஒருபோதும் மாறாதீர்கள். மாறும் நாளில் மீண்டும் நகல் எடுங்கள். இடையில் மின்சாரம் தடைப்படாதபடி மடிக்கணினியின் மின்கலத்தை நிறைத்து, மின்னிணைப்பிலும் வைத்திருங்கள்.

பெற்றோரே, புதிய கணினிக்குக் கடன் வாங்குமுன் ஒரு வாரம் பொறுங்கள். முதலில் குடும்பப் படங்களைப் பத்திரப்படுத்துங்கள். பின்பு பென் டிரைவை மகனிடமோ மகளிடமோ கொடுங்கள். அருகில் நீங்களும் அமர்ந்துகொள்ளுங்கள்.