களஞ்சியங்களின் வயதும் திருத்தப் பணியும்

முதலிலிருந்து இறுதிவரை படிப்பதற்காக அன்றி, வேண்டிய செய்தியை வேண்டிய நேரத்தில் தேடி எடுப்பதற்காகத் தொகுக்கப்படும் அகராதி, கலைக்களஞ்சியம், துறைக் கையேடு ஆகியவற்றைப் பார்வை நூல்கள் என்பர். இவை வெளிவந்து சில ஆண்டுகள் கழிந்த பின்னரே பழையனவாகத் தொடங்குகின்றன என்பது பொதுவான நம்பிக்கையாக இருப்பினும், அகர வரிசையில் பல தொகுதிகளாக வெளிவரும் நூல்கள் முடிவதற்கு முன்பே முதுமை எய்திவிடுகின்றன என்பதே உண்மை. தமிழ் வளர்ச்சிக் கழகம் பெரியசாமித் தூரனை முதன்மை ஆசிரியராகக் கொண்டு உருவாக்கிய கலைக்களஞ்சியத்தின் முதல் தொகுதி 1954இலும் ஒன்பதாம் தொகுதி 1963இலும் வெளிவந்தன. இடைப்பட்ட காலத்தில், 1956 நவம்பரில் மாநில எல்லைகள் மொழிவழி மாற்றியமைக்கப்பட்டன. 1957 ஏப்ரலில் அணாக் கணக்கு நீங்கி நயா பைசா வந்தது. அதே ஆண்டு அக்டோபரில் முதல் செயற்கைக்கோள் விண்ணில் ஏவப்பட்டது. அகரத்தில் தொடங்கும் கட்டுரைகளோ அப்போது அச்சேறி நூலகங்களின் அடுக்குகளுக்குச் சென்றுவிட்டிருந்தன. விடுபட்டவற்றையும் புதியனவற்றையும் சேர்ப்பதற்கான பத்தாம் தொகுதி 1968இல் வந்தது. அடுத்த சில மாதங்களில், 1969 ஜனவரியில், மாநிலத்தின் பெயரே தமிழ்நாடு என்று மாறியது.

இணைப்புத் தொகுதி வெளியிடுவது திருத்தத்தின் மிகப் பழைய வழியாகும். சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக 1,04,405 சொற்களுடன் வெளிவந்த பின், மேலும் 13,357 சொற்கள் தனி இணைப்பாகத் தரப்பட்டன. நேர்மையான வழியே எனினும், முதல் தொகுதியைத் திறக்கும் வாசகருக்கு, அதே சொல்லைப் பற்றி வேறொரு தொகுதியில் வேறொன்று சொல்லப்பட்டிருப்பது தெரிய வழியில்லை என்பது இதன் குறை.

இக்குறையைத் தவிர்க்கவே, பிரிட்டானிக்கா கலைக்களஞ்சியம் 1929இல் வந்த தன் பதினான்காம் பதிப்புக்குப் பின்னர், முழுப் புதிய பதிப்புக்குக் காத்திராமல் ஆண்டுதோறும் அச்சிடும்போது ஒரு பகுதியை மட்டும் மாற்றிச் செல்லும் முறையை, அதாவது தொடர் திருத்த முறையை, மேற்கொண்டது. இதன் விளைவாக, முகப்புப் பக்கத்தில் நடப்பு ஆண்டும், உள்ளே பல பதின்மங்களுக்கு முந்திய கட்டுரைகளும் ஒருங்கே இடம்பெறலாயின. ஹார்வி ஐன்பைன்டர் 1964இல் வெளியிட்ட திறனாய்வு நூல், பழைய பதிப்புகளிலிருந்து ஏறத்தாழ அப்படியே எடுத்துவரப்பட்ட கட்டுரைகளை நீண்ட பட்டியலாகவே தந்து இதனை அம்பலப்படுத்தியது. இணைப்புத் தொகுதி தன் முதுமையை ஒளிப்பதில்லை. தொடர் திருத்தம், கவனம் தவறினால், முதுமைக்குச் சாயம் பூசிவிடுகிறது. ஒரு காற்புள்ளியை மாற்றினாலும் கட்டுரையின் கீழ் ‘கடைசியாகத் திருத்தப்பட்ட நாள்’ தானாகவே புதிதாகிவிடும் இன்றைய மின்களஞ்சியங்களில் இந்த ஆபத்து பன்மடங்காகியுள்ளது. அந்நாள் கோப்பு தொடப்பட்ட நாளைக் குறிக்கிறதேயன்றி, உள்ளடக்கம் சரிபார்க்கப்பட்ட நாளைக் குறிக்கவில்லை. வாசகரோ இரண்டாவது பொருளிலேயே அதனைப் படிக்கிறார்.

இவ்விரண்டையும் பிரித்துக் காட்டுவது இயலாத காரியமன்று. 1884 முதல் 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதி, 2000ஆம் ஆண்டில் இணையத்தில் தன் மூன்றாம் பதிப்புக்கான திருத்தங்களை வெளியிடத் தொடங்கியபோது, ஒவ்வொரு பதிவும் முதலில் எப்போது வந்தது, எப்போது திருத்தப்பட்டது என்பதைத் தனித்தனியே குறிக்கும் வழக்கத்தை மேற்கொண்டது. அத்திருத்தம் முதல் எழுத்தில் தொடங்காமல், ஆங்கில நெடுங்கணக்கின் நடுவிலுள்ள ‘எம்’ என்னும் எழுத்தில் தொடங்கியதும் கருதத்தக்கது. தொகுப்புப் பணியின் தொடக்க ஆண்டுகளில் முறைமைகள் முழுதும் நிலைபெறாத நிலையில் எழுதப்பட்டவை முதல் எழுத்துகளுக்குரிய பதிவுகளே; ஆகவே, பணி சீரான பகுதியில் கைபழகிய பின்னரே கடினமான அப்பகுதிக்குத் திரும்புவது என்று முடிவு செய்யப்பட்டது. பின்னாளில் அகர வரிசையையும் விட்டு, அதிகம் மாறியுள்ள சொற்களையும் அதிகம் தேடப்படும் சொற்களையும் எங்கிருந்தாலும் எடுத்துத் திருத்தும் முறையும் சேர்ந்தது. எதனை முதலில் திருத்துவது என்பது பதிப்பாசிரியரின் தீர்ப்புக்குரிய கேள்வியே அன்றி, அகர வரிசை விடை சொல்லிவிடும் கேள்வி அன்று.

தமிழ்க் களஞ்சியங்களில் அத்தீர்ப்பு, பிழையாக இருந்தால் வாசகருக்குத் தீங்கு நேரக்கூடிய மருத்துவக் கட்டுரைகளிலும் சட்டக் கட்டுரைகளிலும் தொடங்க வேண்டும். வயிற்றுப்போக்கால் இழந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யும் உப்புச் சர்க்கரைக் கரைசலின் அளவுகளை உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2002இல் மாற்றி, ஒரு லிட்டருக்கு 90 மில்லிமோலாக இருந்த சோடியத்தை 75ஆகக் குறைத்தன. அதற்கு முந்திய கையேடு எழுதப்பட்ட நாளில் பிழையற்றதாக இருந்திருக்கும். இன்று அதனை அவ்வாறே மறுபதிப்புச் செய்வது பிழை. இங்கு பழைய அளவை நீக்கிப் புதியதை இடுவதே போதுமானது.

சட்டம் அவ்வளவு எளிதாகப் பிடிகொடுப்பதில்லை. 1860ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டத்துக்கு மாற்றாகப் பாரதிய நியாய சன்ஹிதா 2024 ஜூலை 1 அன்று நடைமுறைக்கு வந்தபோது, கொலைக்குரிய தண்டனைப் பிரிவு 302இலிருந்து 103ஆகவும், மோசடிக்குரிய பிரிவு 420இலிருந்து 318ஆகவும் மாறியதால், தமிழில் உள்ள சட்டக் கையேடுகளின் பிரிவு எண்கள் ஒரே நாளில் பழையனவாயின. ஊக்கமிக்க ஓர் உதவி ஆசிரியர் கணினியின் துணையுடன் எல்லா 302ஐயும் 103ஆக மாற்றிவிடக்கூடும். அவ்வாறு செய்தால் நூல் முன்னிலும் மோசமாகும். அந்நாளுக்கு முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய சட்டமே பொருந்தும் என்பதாலும், பழைய தீர்ப்புகள் அனைத்தும் பழைய எண்களையே சுட்டுகின்றன என்பதாலும், இரண்டு எண்களும் அவற்றுக்குரிய காலவரம்புடன் அருகருகே நிற்க வேண்டும். பேச்சுத் தமிழில் ஏமாற்றுக்காரரைக் குறிக்கும் ‘ஃபோர் ட்வென்டி’யோ சட்டத் திருத்தத்தைப் பொருட்படுத்தப் போவதில்லை, சட்டக் கையேடு மாற்றியாக வேண்டிய எண்ணை அகராதி போற்றியாக வேண்டியிருக்கிறது.

திருத்தத்தின் தேவையை எழுதும்போதே குறைத்துவிடவும் முடியும். ‘தற்போது தமிழ்நாட்டில் 32 மாவட்டங்கள் உள்ளன’ என்ற தொடர், 2019இல் தென்காசி, கள்ளக்குறிச்சி உள்ளிட்ட ஐந்து மாவட்டங்களும் 2020இல் மயிலாடுதுறையும் உருவாகி எண்ணிக்கை 38 ஆனதும் பொய்யாகிவிட்டது. ‘2009இல் திருப்பூர் மாவட்டம் உருவானபோது மாவட்டங்களின் எண்ணிக்கை 32 ஆயிற்று’ என்ற தொடரோ எக்காலத்திலும் மெய்யாகவே நிற்கும். தற்போது, அண்மையில், இன்றளவும் என்னும் சொற்களைக் களஞ்சிய நடையிலிருந்து விலக்கி ஆண்டைக் குறிப்பது, பின்னால் வரும் திருத்துநருக்குச் செய்யும் பேருதவியாகும். பழையதெல்லாம் காலாவதியானது என்று கொள்வதும் தவறே. தமிழ்நாட்டின் மக்கள்தொகை 7,21,47,030 என்பது 2011ஆம் ஆண்டின் எண். 2021இல் நடைபெற்றிருக்க வேண்டிய கணக்கெடுப்பு நடைபெறாமையால், முழுமையாக எண்ணி வெளியிடப்பட்டவற்றுள் அதுவே கடைசி எண்ணாகவும் உள்ளது. அதனை நீக்கிவிட்டு மூலம் சுட்டாத மதிப்பீடு ஒன்றை இடுவோர் களஞ்சியத்தைப் புதுப்பிப்பதில்லை, கெடுக்கிறார்கள்.

உள்ளடக்கத்தைப் போலவே உருவமும் முதுமை அடைகிறது. 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்திய அச்சு வடிவங்கள் மாணவரைத் தயங்க வைக்கின்றன. யூனிகோடுக்கு முற்பட்ட டிஸ்கி, டாப் போன்ற குறியேற்றங்களில், அதாவது எழுத்துகளுக்குக் கணினி எண் வழங்கும் முறைகளில், தட்டச்சிடப்பட்டவை தேடுபொறியின் கண்ணுக்கே படுவதில்லை. 2010இல் தமிழ்நாடு அரசு யூனிகோடைத் தரமாக ஏற்ற பின்னரும் மாற்றப்படாத கோப்புகள் நிறுவனங்களில் இருக்கின்றன.

இவ்வளவுக்கும் ஆள் வேண்டும். புதிய நூலுக்கு நிதி ஒதுக்கீடும் வெளியீட்டு விழாவும் உண்டு. திருத்தத்துக்கு இரண்டும் இல்லை. பதிப்புக் குழு கலைக்கப்பட்டதும் சொல்லட்டைகளும் ஆசிரியர் குறிப்புகளும் சிதறிவிடுகின்றன. பின்னால் வருவோர் முன்னோர் எந்தக் காரணத்தால் எதனை விடுத்தனர் என்பதை அறியாமல் தொடக்கத்திலிருந்தே மீண்டும் தொடங்குகின்றனர். க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி 1992, 2008, 2020 என மூன்று பதிப்புகள் கண்டதும், இரண்டாம் பதிப்பில் இலங்கைத் தமிழ்ச் சொற்களுக்கு இடமளித்து விரிந்ததும், பதிப்புகளுக்கு இடையிலும் சொல் திரட்டும் பணியை விடாத ஒரு சிறு பதிப்பகத்தின் பிடிவாதத்தால் நிகழ்ந்தவை. அதன் நிறுவனர் எஸ். ராமகிருஷ்ணன், மூன்றாம் பதிப்பு வெளிவந்த 2020 நவம்பரிலேயே காலமானார். தனிமனிதரின் பிடிவாதம் அவரோடு முடிந்துபோகக் கூடியது என்பதால், அரசு மானியமும் நிலையான கட்டடமும் உள்ள பல்கலைக்கழகங்கள் திருத்துநர் பணியிடத்தை நிரந்தரப் பணியிடமாக ஆக்காமலிருப்பதற்கு ஏற்கத்தக்க காரணம் எதுவும் இல்லை.

நாட்டின் பெரும்பகுதிக்கு 2027 மார்ச் 1ஆம் நாளை அடிப்படை நாளாகக் கொண்ட மக்கள்தொகைக் கணக்கெடுப்பு அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் எண்கள் வெளிவரும்போது ஒவ்வொரு மாவட்டம், வட்டம், பேரூராட்சி குறித்த கட்டுரையும் மாற்றம் வேண்டி நிற்கும். எந்தெந்தக் கட்டுரைகள் 2011ஆம் ஆண்டின் எண்களைத் தாங்கியுள்ளன, அவற்றுள் எவை 2001ஆம் ஆண்டிலேயே நின்றுவிட்டன என்னும் பட்டியலைக் களஞ்சிய நிறுவனங்கள் இப்போதே தொகுக்கத் தொடங்குமாறும், புதிய எண்ணை இடும்போது பழைய எண்ணை அதன் ஆண்டுடன் விட்டுவைக்குமாறும் இவ்விதழ் கேட்டுக்கொள்கிறது.